என் எழுத்தை அழிக்கச் சொன்னவர்

அந்த அம்மா என்னை முதன்முதலாகக் கூப்பிட்டு அனுப்பியபோது, என் எழுத்தைப் பாராட்டத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்து, சட்டையை மாற்றிக்கொண்டு போனேன். நினைத்ததில் தப்பில்லை. எழுபதுகளின் கடைசியில் சங்கரன்கோவிலில் போர்டு எழுதுகிறவர்கள் மூன்று பேர் இருந்தோம். நிழல் விழுகிற மாதிரி எழுத்து எழுதத் தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

அவருடையது வத்தல் மண்டி. வாசலில் கால் வைத்ததுமே மிளகாய் நெடி மூக்கில் ஏறி நான்கு தும்மல் போட்டேன். அவர் மூட்டைகளுக்கு நடுவே முக்காலியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஒரு தையல் மிஷின். அதன் மேஜைப் பலகையில் நான் எழுதிய எழுத்து: 'உபயம்' என்று போட்டு, கீழே ஒரு ஜவுளிக்கடை முதலாளியின் பேர்.

"இது நீரு எழுதினதா வே?"

பெண்கள் 'வே' போட்டுப் பேசி நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை. "ஆமாம்மா" என்றேன்.

"நல்லா எழுதியிருக்கீரு. அழிச்சிரும்."

எனக்குத் தும்மல் நின்றுவிட்டது.

இந்த இடத்தில் தர்மப் பண்டைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். ஊருக்குள் வருகிற ஒவ்வொரு மூட்டைக்கும் வியாபாரிகள் கொஞ்சம் பணத்தை மகமை என்று ஒதுக்கி வைப்பார்கள். அது சேர்ந்து சேர்ந்து ஒரு பண்டாகி, சுற்றுவட்டாரத்தில் கஷ்டப்படுகிறவர்களுக்கு வைத்தியச் செலவு, பள்ளிப் பிள்ளைகளுக்கு நோட்டு, புருஷன் இல்லாதவர்களுக்குத் தையல் மிஷின் என்று வருஷா வருஷம் ஆடித்தபசை ஒட்டி விழா எடுத்துக் கொடுப்பார்கள். பணம் ஊர்ப் பணம். ஆனால் அதிகம் மகமை கட்டுகிறவர்களின் பேரை முறை வைத்து ஒவ்வொரு சாமானிலும் எழுதுவது வழக்கம். எழுதுகிறவன் நான். அந்த விழாதான் எனக்குத் தீபாவளிச் செலவுக்கு வழி.

"மேலநீலிதநல்லூர்ல ஒருத்திக்கு இந்த மிஷினைக் குடுத்தோம்லா" என்றார் மண்டியம்மா. "அவ ஜாக்கெட் தைக்கா. கூலி கேட்டா, 'ஓசி மிஷின்தானே, அதுல தைக்கதுக்கு இவ்வளவு கேக்கியே'ன்னு பாதியக் குடுத்துட்டுப் போறாளுவ. தெருவுல நின்னாலே உம்ம எழுத்து தெரியுது. அவ மேல துணியப் போட்டு மூடிப் பாத்திருக்கா. நடக்கல. அதான் மிஷினை இங்க கொண்டாரச் சொன்னேன்."

"எழுதச் சொன்னது பண்டு. அழிக்கச் சொல்லுதது நீங்க. நான் யாரு பேச்சைம்மா கேக்க?"

"சரி, உப்புத்தாளாவது வச்சிருக்கீரா?"

பையில் இருந்தது. இல்லை என்று சொல்லியிருக்கலாம், தோன்றவில்லை. வாங்கிக்கொண்டு, முந்தானையை இடுப்பில் செருகித் தரையில் உட்கார்ந்து, அவரே தேய்த்தார். மூட்டை தூக்குகிற ஆட்கள் எல்லாம் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். நான் ரசித்து ரசித்து எழுதிய எழுத்து தூள் தூளாக உதிர்ந்தது. திமிர் பிடித்த பொம்பளை என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே வீடு வந்தேன்.

அவரை இளகிய மனசுக்காரர் என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். புருஷன் செத்துப் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாளே மண்டியைத் திறந்து அவர் இடத்தில் உட்கார்ந்தவர். மண்டி எப்போது கைமாறும் என்று காத்திருந்த தரகர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். வெள்ளாமை செய்கிற சம்சாரி வத்தல் மூட்டையை இறக்கினால், இவர் மேலே கிடப்பதைப் பார்க்க மாட்டார். முழங்கை வரைக்கும் உள்ளே விட்டு அடியில் கிடப்பதை எடுத்து, ஒடித்து, முகர்ந்து பார்த்து, "நனைஞ்சு காஞ்சதைக் கொண்டாந்திருக்கீரு. வேற யாருகிட்டயாவது காட்டும்" என்பார். அந்த மண்டியில் நின்று அவரோடு வாதாட யாராலும் முடியாது. இரண்டு வார்த்தை பேசுவதற்குள் எதிராளி தும்ம ஆரம்பித்துவிடுவான். அவர் தும்மி ஒருத்தரும் பார்த்ததில்லை.

ஒருநாள் மண்டி போர்டுக்கு வர்ணம் அடிக்க நான் போயிருந்தபோது, கரிவலம்வந்தநல்லூரிலிருந்து ஒரு பெண் வந்தாள். புருஷனுக்கு வயிற்றில் ஆபரேஷன். பண்டிலிருந்து செலவு கொடுத்திருந்தார்கள். ஆள் பிழைத்துவிட்டான். அவள் மண்டிக்குள் வந்ததும் வராததுமாக அம்மாவின் காலில் விழுந்தாள்.

"எந்திரிட்டி!" ஒரு சத்தம் போட்டார் பாருங்கள், எனக்கே தூக்கிவாரிப் போட்டது. "நான் என்ன சாமியா? உன் புருசன் இந்த பஜார்ல இருவது வருசம் மூட்டை சுமந்தவன்லா? அவன் சுமந்த மூட்டையில விழுந்த மகமைதான் இது. அவன் முதுகுல இறங்கின பணத்துக்கு என் கால்ல எதுக்கு விழுத? போ, போயி அவனுக்குக் கஞ்சி வையி."

அந்தப் பெண் அழுதுகொண்டே போனாள். நன்றி சொல்ல வந்தவளை இப்படியா விரட்டுவது? ஆறேழு மைல் தள்ளியிருந்து கையில் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்திருந்தாள். பழத்தையும் திருப்பிக் கொடுத்து அனுப்பிவிட்டார். அதில் எனக்கு இன்றைக்கும் சம்மதமில்லை.

விழா மேடையில் கமிட்டிக்காரர்களுக்கு நாற்காலி போட்டிருக்கும். வாங்க வந்தவர்களுக்குக் கீழே ஜமுக்காளம். கமிட்டியில் பன்னிரண்டு பேர். மண்டியிலிருந்து வருகிற மகமையைப் பார்த்து அவரைச் சேர்க்காமல் இருக்க முடியவில்லை, அதனால் அவரும் ஒருத்தர். ஆனால் ஒரு வருஷம்கூட மேடை ஏறி உட்கார்ந்ததில்லை. ஜமுக்காளத்தில், குழந்தையை மடியில் போட்டுக்கொண்டிருக்கிற பெண்களுக்கு நடுவே சம்மணம் போட்டு உட்கார்ந்துகொள்வார்.

பண்டின் தலைவர் பாத்திரக்கடை வைத்திருந்தவர். எல்லோருக்கும் அண்ணாச்சி. மைக்கில் கூப்பிடுவார்: "தங்கச்சி, மேல வாங்க. நாற்காலி போட்டிருக்கு."

"இங்கன காத்து நல்லா வருது அண்ணாச்சி."

அங்கே காற்றும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது. மின்விசிறி மேடைக்குத்தான் ஓடியது.

தையல் மிஷின் எழுத்தைத் தேய்த்த விஷயம் கமிட்டிக்குப் போயிற்று. கூட்டம் போட்டார்கள். எழுதினவன் என்ற முறையில் என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். நான் சுவரோரம் நின்றேன்.

அண்ணாச்சியை மோசமானவர் என்று சொல்ல மாட்டேன். வெயில் நாளில் கடை வாசலில் மோர்ப்பானை வைக்கிற மனுஷன். அவர் பயம் வேறு. "பேரு போடலேன்னா நாளைக்கு எவன் தங்கச்சி மகமை கட்டுவான்? பேருக்காகத்தான் பாதிப்பேரு குடுக்கான். அது தப்பாவே இருக்கட்டும். அந்தத் தப்பாலதான் நாலு அடுப்பு எரியுது."

எனக்கு அது நியாயமாகப் பட்டது. என் அடுப்பும் அந்த நாலில் ஒன்று.

"அண்ணாச்சி, உங்க கடையில குடம் வாங்கினா யாரு பேரை வெட்டுவீய?" என்று கேட்டார் அந்த அம்மா.

"வாங்குதவன் பேரை."

"எதுக்கு?"

"இரவல் போனா அடையாளம் தெரிஞ்சு திரும்பி வரணும்லா."

"கல்யாணத்துக்கு அன்பளிப்பு குடுக்கவன் பேரையும் வெட்டுதீயளே?"

"அது மொய் மாதிரி. நாளைக்கு அவன் வீட்டு விசேஷத்துல திருப்பிச் செய்யணும்."

"ஆக, சாமான்ல பேரு போடுதது ஒண்ணு சாமானே திரும்பி வாரதுக்கு, இல்ல செய்முறை திரும்பி வாரதுக்கு. மேலநீலிதநல்லூர்க்காரி மிஷினைத் திருப்பித் தரணுமா, நமக்கு மொய் எழுதணுமா? எதுன்னு சொல்லிட்டு பேரை எழுதுங்க."

அண்ணாச்சி மேல்துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். பிறகு வாக்கெடுப்பு நடந்தது. பேர் போட்டே ஆக வேண்டும் என்று பதினோரு கைகள் உயர்ந்தன. அந்த அம்மா மட்டும் கையைக் கட்டிக்கொண்டு இருந்தார். அன்றைக்குப் புதுச் சட்டம் ஒன்று வந்தது. சாமான் வாங்குகிறவர்கள் பேரை அழிக்க மாட்டோம் என்று கையெழுத்துப் போட வேண்டும். அழித்தால் சாமான் திரும்ப எடுத்துக்கொள்ளப்படும். பேச்சில் ஜெயித்தவர் வாக்கில் தோற்றார் என்று எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷம்கூட இருந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

அடுத்த வருஷம் பனவடலிசத்திரத்திலிருந்து ஒரு பெண்ணின் மனு வந்தது. வயது இருபத்துமூன்று இருக்கும். சின்ன வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து இரண்டு கால்களும் சூம்பிப் போயிருந்தன. படிப்பில் கெட்டிக்காரி. எங்கள் ஊரில் நெசவாளர் கூட்டுறவுக் கடையில் பில் போடுகிற வேலை கிடைத்திருந்தது. ஊர் எல்லையில் சித்தி வீட்டில் தங்கிக்கொள்வாள். அங்கிருந்து கடைக்கு ஒரு மைல். அதுவரை எங்கே போனாலும் சைக்கிளில் வைத்துக் கூட்டிப்போன தம்பி தூத்துக்குடிக்கு வேலைக்குப் போகிறான். கையால் சுற்றி ஓட்டுகிற மூன்று சக்கர வண்டி ஒன்று கிடைத்தால் வேலையில் சேரலாம், இல்லாவிட்டால் வேலை வேறு ஆளுக்குப் போய்விடும். மண்டியம்மாவே நேரில் போய் விசாரித்துவிட்டு வந்தார். கமிட்டி ஒரு மனதாகச் சம்மதித்தது.

வண்டியும் வந்தது. அண்ணாச்சி என் கடைக்கு வந்து, சிரித்துக்கொண்டே சொன்னார்: "இந்தத் தடவை மண்டியம்மா புருசன் பேரை எழுதும் வே. இனி அவ வாயத் திறக்க மாட்டா."

அந்த மனுஷனை எனக்குத் தெரியும். ஊருக்கு வந்த புதிதில் எனக்கு முதல் போர்டு வேலை கொடுத்தவர் அவர்தான். வண்டியின் பின்பக்கம் தகரப் பலகை. இரண்டு கோட்டிங் எனாமல் அடித்து, அமரர் என்று தொடங்கி அவர் பேரை அடி மனசிலிருந்து எழுதினேன். என் வாழ்நாளில் அதைவிட நன்றாக எழுதியதில்லை.

மண்டியம்மா வந்து பார்த்தார். காய்ந்த எழுத்தை விரலால் தடவினார். "நல்லா எழுதியிருக்கீரு" என்றார். அழிச்சிரும் என்று சொல்லவில்லை. அண்ணாச்சி என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார்.

அப்போது அந்தப் பெண் தம்பியின் சைக்கிளில் வந்து இறங்கினாள். வண்டியில் ஏற்றி உட்காரவைத்தோம். பண்டு ஆபீஸ் முற்றத்தில் ஒரு சுற்று சுற்றினாள். இரண்டாவது சுற்றில் வேகம் எடுத்தாள். மூன்றாவதில் எங்களை எல்லாம் ஒதுங்கச் சொன்னாள். பிறகு நிறுத்தி, உடம்பைத் திருப்பிப் பின்பலகையை வாசித்தாள்.

"வண்டி வேணும் மாமா. பலகை வேண்டாம்."

"ஏம்மா, பேரு உன்னைக் கடிக்கவா போகுது?" என்றார் அண்ணாச்சி.

"கடிக்காது. ஆனா நான் பில்லு போடுத வேலைக்குப் போறேன். தர்மம் வாங்கினவ போறான்னு தினமும் தெருவுக்குச் சொல்லிட்டா போவணும்? என்னைத் தாண்டிப் போறவியல்லாம் திரும்பி இவரு பேரைத்தான் வாசிப்பாவ."

எல்லோரும் மண்டியம்மாவைப் பார்த்தோம். வேண்டாம் என்று சொல்லப்பட்டது அவருடைய புருஷன் பேர். எனக்கு அந்தப் பெண்மேல் கோபமாக வந்தது.

"பிள்ளை சொல்லுதது சரிதான்" என்றார் அவர்.

"தங்கச்சி, உங்க வீட்டுக்காரரு பேரு!"

"எங்க வீட்டுக்காரரு பேரு எங்க வீட்டு நிலைக்கதவுல இருக்கு. அங்கன இருந்தாப் போதும்."

அண்ணாச்சிக்கு முகம் சுண்டிப்போயிற்று. கையெழுத்துப் போட்டால் வண்டி, இல்லாவிட்டால் கிடையாது என்று சொல்லி, சக்கரத்தில் சங்கிலியைப் போட்டுப் பூட்டச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். பெண் கையெழுத்துப் போடவில்லை. வருகிற திங்கட்கிழமை அவள் வேலையில் சேர வேண்டும்.

அன்றைக்கே நான் மண்டிக்குப் போனேன். தும்மல்களுக்கு நடுவே கேட்டேன். "இது மாதிரி பத்து வண்டி வாங்க உங்களால முடியும். நீங்களே ஒண்ணு வாங்கிக் குடுத்தா என்னம்மா?"

"முடியும். ஆனா நான் வாங்கிக் குடுத்தா அவ என் வாசல்ல நிப்பா. பண்டுல உள்ளது ஊர்ப் பணம். அதுல அவளுக்குப் பாத்தியதை இருக்கு. அதை விட்டுட்டு எங்கிட்ட எதுக்கு வாங்கணும்?"

"உங்க வீம்புக்கு அந்தப் பிள்ளையோட வேலைதான் கிடைச்சுதா?"

வாயிலிருந்து வந்துவிட்டது. ஏசுவார் என்று நினைத்தேன். ஏசவில்லை. "அவகிட்டக் கேட்டாச்சு வே. கையெழுத்துப் போடுதியா மக்கான்னு கேட்டேன். மாட்டேன்னா. நான் வாங்கித் தரட்டுமான்னும் கேட்டேன். அதுக்கும் மாட்டேன்னா. திங்கக்கிழமை அவ வேலைக்குப் போவா" என்றார்.

எப்படி என்று சொல்லவில்லை. திங்கட்கிழமை காலையில் ஊரே பார்த்தது.

மண்டியில் மூட்டை ஏற்றுகிற தள்ளுவண்டியைக் கழுவி, மேலே புதுச் சாக்கு விரித்து, அதில் அந்தப் பெண் உட்கார்ந்திருந்தாள். மடியில் கைப்பையும் சாப்பாட்டுத் தூக்கும். தள்ளிக்கொண்டு வந்தது மண்டியம்மா. ரத வீதியில் கடைக்காரர்கள் தராசை விட்டுவிட்டு வாசலுக்கு வந்தார்கள். மூட்டைக்காரர்கள் ஓடிவந்து "நாங்க தள்ளுதோம்மா" என்றதற்கு, "உங்களுக்குச் சோலி கிடக்கு, போங்க" என்று விரட்டிவிட்டார். வண்டி பாத்திரக்கடை வழியாகத்தான் போயிற்று. வேறு வழி இல்லாமல் இல்லை. அண்ணாச்சி குனிந்து ஒரு குடத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் அதே மாதிரி திரும்பக் கூட்டிப்போனார். மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும். பாத்திரம் வாங்க வந்த பெண்கள் அண்ணாச்சியிடமே கேட்டார்கள்: "அந்தம்மா ஏன் வண்டி தள்ளுதாவ? பண்டுல வண்டி வாங்கினதாச் சொன்னாவளே?" கேட்கிறவர்களுக்கெல்லாம் அவர் என்ன பதில் சொன்னார் என்று எனக்குத் தெரியாது.

ஒன்பதாவது நாளோ பத்தாவது நாளோ, நான் ஒரு துணிக்கடை போர்டுக்காக ஏணிமேல் நின்றுகொண்டிருந்தேன். தேரடிப் பக்கம் ஏற்றத்தில் வண்டி வந்தது. அந்த அம்மாவுக்கு அப்போது ஐம்பது தாண்டிவிட்டது. செருப்பு வார் அறுந்தது. அதை உதறி ஓரத்தில் தள்ளிவிட்டு, வெறுங்காலோடு தள்ளினார். மூச்சு வாங்குவது எனக்கு மேலே கேட்டது. பெண் திரும்பி, "நின்னு போலாம்மா" என்றாள். "பத்து மணிக்குக் கடையில கையெழுத்துப் போடணும்லா, பேசாம இரு" என்றார்.

எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த மூன்று சக்கர வண்டியை நிறுத்தி வைத்திருப்பது சங்கிலி இல்லை, நான் எழுதிய எழுத்து. அதை எழுதிய கை ஏணிமேல் இருந்தபடி வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்கிறது. இறங்கினேன். பிரஷ்ஷைத் துணிக்கடைத் திண்டில் வைத்துவிட்டு நேரே பண்டு ஆபீசுக்குப் போய், உப்புத்தாளை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தேன். இரண்டு கோட்டிங் அடித்திருந்ததால் சுலபத்தில் போகவில்லை. அமரர் போயிற்று. இனிஷியல் போயிற்று. எனக்கு முதல் வேலை கொடுத்த மனுஷனின் பேர் ஒவ்வோர் எழுத்தாகப் போயிற்று. விரல் நுனி தோல் உரிந்துவிட்டது.

யாரோ போய்ச் சொல்லி, அண்ணாச்சி வந்து நின்றார்.

"யாரு வே அழிக்கச் சொன்னது? அவளா?"

"யாரும் சொல்லல அண்ணாச்சி. நான் எழுதினேன், நான் அழிச்சேன்."

"இனி இந்தப் பண்டு வேலை உமக்குக் கிடையாது."

"சரி அண்ணாச்சி."

வெறும் தகரத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். கோபம் மெல்ல இறங்கி, முகத்தில் களைப்புத்தான் மிஞ்சியது. அந்தப் பத்து நாளும் அவருக்கும் லேசாக இருந்திருக்காது. மடியிலிருந்து சாவியை எடுத்துப் போட்டார். "எழுத்தில்லாத வண்டிய வச்சுக்கிட்டு நான் என்ன செய்ய? கொண்டு போயிக் குடும்."

"அந்தக் கையெழுத்து?"

"பேரே இல்ல. எதை அழிக்க மாட்டேன்னு அவ கையெழுத்துப் போடுவா? போவும் வே."

வண்டியைக் கூட்டுறவுக் கடை வாசலில் விட்டுவிட்டு மண்டிக்குப் போனேன். உங்கள் புருஷன் பேரை அழித்துவிட்டேன் என்று சொல்வது சுலபமாக இல்லை. சொன்னேன். வத்தல் கிள்ளிக்கொண்டிருந்த கை நின்றது.

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்."

"அவரு இருந்திருந்தா உம்மைத் தெருத்தெருவா விரட்டியிருப்பாரு. அவருக்குப் பேருன்னா உசுரு. கோயில் மணியில இருந்து தண்ணித்தொட்டி வரைக்கும் எழுதணும்பாரு. இதுக்காகவே அவருகிட்ட இருவது வருசம் சண்டை போட்டிருக்கேன்." சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரிப்பு முடிகிறபோது கண் கலங்கியிருந்தது. அதை மறைக்கவும் இல்லை, துடைக்கவும் இல்லை.

மறுநாள் காலை நானும் மண்டி வாசலில் நின்றேன். போனால் போகிறது என்று வேலையை விட்டவனுக்கு, அந்தப் பெண் வருவதையாவது பார்க்க வேண்டும் என்று ஆசை. ஒன்பதே முக்கால் மணிக்கு வண்டி திருப்பத்தில் தெரிந்தது. இரண்டு கையாலும் பெடலைச் சுற்றிக்கொண்டு வேகமாக வந்தாள். வழியில் நின்ற மாட்டை அதட்டினாள். மண்டி முன்னால் நிறுத்துவாள், இரண்டு வார்த்தை சொல்வாள் என்று நான் சட்டைக் காலரைச் சரி செய்துகொண்டேன். அவள் எங்கள் பக்கம் திரும்பக்கூட இல்லை. கடைக்கு நேரமாகிவிட்டது போல. புழுதியைக் கிளப்பிக்கொண்டு எங்களைத் தாண்டிப் போய்விட்டாள்.

"பாத்தீங்களாம்மா?" என்றேன். "பத்து நாளா தெருவுல வண்டி தள்ளினீங்க. எனக்கு வருசத்து வேலையே போச்சு. ஒரு பார்வை பாக்கக் கூடாதா?"

அந்த அம்மா தெருவில் இறங்கி, வண்டி கண்ணுக்கு மறைகிற வரைக்கும் பார்த்துக்கொண்டே நின்றார். அத்தனை வருஷத்தில் அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் பார்த்ததே இல்லை.

"திரும்பிக்கூடப் பாக்காமப் போறா பாரும் வே" என்றார்.